பூமி இழுத்த ஜீப்

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒருநாள் மஞ்சக்குட்டை என்ற ஊருக்கு ஜீப்பில் போகும்போது ஓட்டுநர் முருகேசன், "ஏனுங்க சார், ஸ்டியரிங் நொம்ப இடப்பக்கமா இழுக்குதுங்களே?" என்றார்.

"ஓடும் வண்டியில மின்னூட்டம் சேரும். பூமியோட காந்தம் அதைப் பக்கவாட்டில தள்ளும்" என்று விளையாட்டாகச் சொன்னேன். அந்த விசை ஒரு கொசுவைக்கூட நகர்த்தாது என்பது எனக்குத் தெரியும்.

"அப்படிங்களா! அநியாயமா மெக்கானிக்கைத் திட்டிப்போட்டனுங்க!"

அதன்பின் அவர் வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு வளைவில் ஜீப் கவிழ்ந்து, அவருடைய ஒரு கால் போனது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் மனைவியிடம், "பூமி இழுக்குதுன்னு சார் அப்பவே சொன்னாரு புள்ள. நாந்தான் வேகமாப் போயிட்டேன்" என்றார்.

அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். உண்மையைச் சொல்லாமல் நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். என் படிப்பை நினைத்து நான் கூசியது அன்றுதான்.