கடையில் போட்ட சுருள்

"உங்க முடி மாதிரியே என் முடியும் சுருள் சுருளா நிக்கணும்மா. ஆனா அது தானா சுருண்டதுன்னு தெரியக்கூடாது. சலூன் கடையில போட்டுக்கிட்ட மாதிரி இருக்கணும்."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று யோகேஸ்வரி அக்கா இப்படிக் கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் கணவருக்கு மலேசியாவின் பாசிர் கூடாங் துறைமுகத்தில் வேலை கிடைத்து, தூத்துக்குடியிலிருந்து பெர்மாஸ் ஜெயாவுக்கு வந்து மூன்று வருடங்கள்தான் ஆகின்றன. யார் எதைக் கேட்டாலும் முதலில் சரி என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்குள் வந்து அப்புறம் கவலைப்படுவது என் பழக்கம். அன்றும் தலையாட்டினேன்.

அக்கா லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஐந்தாம் படிவம், நம் ஊர்க் கணக்கில் பதினோராம் வகுப்பு, முடித்த கையோடு ஜொகூர் பாருவுக்கு வந்து மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். இருபத்தாறு வருடங்களாக அதே தொழிற்சாலை, இப்போது சூப்பர்வைசர். பூதக்கண்ணாடியில் பார்த்து, தலைமுடி அளவு விரிசலைக்கூடக் கண்டுபிடித்துவிடுவார். அவர் கணவர் ஹேமநாதன் விடியற்காலையில் சிங்கப்பூருக்கு லாரி ஓட்டிப் போய், சாயங்காலம் எல்லைப் பாலத்து நெரிசலைத் திட்டிக்கொண்டே திரும்புவார்.

நான் வந்த புதிதில் அக்காவின் ஜடை இடுப்பைத் தொடும். ஒரு வளைவு இல்லாத முடி. இந்த வருடத் தைப்பூசத்தில் மொட்டை அடித்துக்கொண்டார். நேர்த்திக்கடன் என்று தெரு முழுக்கச் சொன்னார். பல மாதங்கள் தலையில் துணி கட்டியே நடந்தார். துணியை எடுத்தபோது உள்ளே இருந்தது வேறு முடி. நான்கு விரல் நீளம், ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வளைந்து, பரட்டையாக.

"ஞாயித்துக்கிழமை லாபிஸ்லேர்ந்து அம்மா வர்றாங்க. தைப்பூசத்துக்கு அப்புறம் என்னை நேர்ல பாக்கவே இல்ல. தீபாவளிக்குக்கூட ஓவர்டைம்னு சொல்லிட்டேன். முடி இப்படி வருதுன்னு தெரிஞ்சா ஏன்னு கேப்பாங்க."

"மொட்டை அடிச்சா சில பேருக்கு இப்படி வரும்னு சொல்லிடுங்களேன் அக்கா."

"எங்கம்மாகிட்ட அது நடக்காது லா."

ஏன் நடக்காது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிறு மதியம் அக்கா என் சமையலறைக்கு வந்தபோது தலை பளபளவென்று இருந்தது. நான் முதல் நாளே ஆளிவிதையைக் கொதிக்கவைத்து, துணியில் பிழிந்து பசை எடுத்து வைத்திருந்தேன். பூசினால் முடியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு கழுத்தில் இறங்கியது.

"எண்ணெய் வச்சீங்களா?"

"பின்ன? விசேஷத்துக்கு எண்ணெய் வைக்காம தலைய எப்படித் தொடறது?"

"எண்ணெய் இருந்தா பசை பிடிக்காது அக்கா."

"அலமாக்! முன்னாடியே சொல்லக்கூடாதா?"

பின்கட்டுக் குழாயடியில் குனியவைத்து இரண்டு முறை ஷாம்பு போட்டேன். சட்டைக் கழுத்து நழுவியது. காறையெலும்புக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு. தூத்துக்குடியில் புற்றுநோய் வந்த என் அத்தைக்கும் அதே இடத்தில் அதே தழும்பு இருந்தது. மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கு அடியில் வைத்து, பிறகு எடுத்த இடம்.

என் கை நின்றுவிட்டதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். தலையைத் தூக்காமலே பேசினார்.

"மார்புல. இப்ப ஒண்ணுமில்ல, டாக்டர் கிளியர்னு சொல்லிட்டாரு. எங்கப்பா ஐயாசாமி இதே வியாதியிலதான் போனாரு. மருந்த நிறுத்தினதும் அவருக்கும் முடி இப்படித்தான் சுருண்டு வந்துச்சு. தினமும் சீவி விட்டது அம்மாதான். ரெண்டாவது தடவை வந்தப்ப அவரு தாங்கல. அம்மா அதை மறுபடி நெனைக்கக்கூடாது. தண்ணிய ஊத்துங்கம்மா, கண்ணு எரியுது."

ஊற்றினேன். மறைப்பது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த வேலையை மட்டும் செய்தேன். ஈரம் சொட்டும் முடியில் பசையைத் தடவி, நுனியிலிருந்து வேர்வரை கைக்குள் சுருட்டிக் கசக்கினேன். துவாலை படாமல் பழைய பருத்திச் சட்டையால் ஒற்றினேன். காயும்வரை தொடக்கூடாது என்று சொல்லி மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தேன். மூன்று மணிக்கு, மொறமொறப்பாகக் காய்ந்திருந்ததை மெல்லக் கசக்கி உடைத்ததும் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக எழுந்து நின்றது.

கூட்டிப்போக வந்த ஹேமநாதன் வாசலிலேயே நின்றார். "மன்னிக்கணும், இங்க என் பொண்டாட்டி வந்தாளா?"

"வாய மூடுங்க," என்றார் அக்கா. ஆனால் கண்ணாடியை விட்டு நகரவில்லை. "நல்லாத்தான் இருக்கு, இல்ல?"

நான்கு மணிக்கு அக்காவின் தம்பி வசந்தன் அம்மாவை இறக்கிவிட்டுப் போனார். துணைக்கு இருக்கச் சொல்லி அக்கா என்னையும் வரவழைத்திருந்தார். கிருஷ்ணம்மா படியேறியதும் மகளின் தலையைத்தான் பார்த்தார்.

"என்னடி இது, மீ கோரெங் நூடுல்ஸைக் கவுத்து வச்ச மாதிரி!"

"கடையில போட்டதும்மா. இப்ப இதான் பேஷன்."

"சாமிக்குக் குடுத்துட்டு வளந்த முடி. அதைப் போய் கடைக்காரன்கிட்டக் குடுத்தியா? உக்காரு."

பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியும் சீப்பும் வெளியே வந்தன. அக்கா மறுத்தால் சந்தேகம் வரும். மறுக்காவிட்டாலும் வரும். அவர் என்னைப் பார்த்தார். போ என்கிறாரா, இரு என்கிறாரா என்று தெரியாமல் நின்றேன். அக்கா உட்கார்ந்துவிட்டார்.

கிருஷ்ணம்மா எண்ணெயைத் தேய்த்து அழுத்திச் சீவினார். முடி சீப்போடு நேராக வந்தது. விட்டதும் சுருண்டது. மறுபடி சீவினார். மறுபடி சுருண்டது.

"வசந்தன் மக ரூபினிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போறப்ப கடையில இப்படித்தான் போட்டுவிட்டாங்க. எண்ணெயும் சீப்பும் பட்டதும் போயிருச்சு." என் பக்கம் திரும்பினார். "பொண்ணு, நீ சொல்லு. இது கடையில போட்டதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் என் வாயில் வந்தது வேறு. "நான் பசை மட்டும்தாம்மா போட்டேன்."

கிருஷ்ணம்மா சீப்பை மடியில் வைத்துவிட்டு, விரலால் உச்சியில் வகிடு பிரித்து வேரைத் தடவிப் பார்த்தார்.

"இந்த முடிய நான் சீவியிருக்கேன்," என்றார்.

அக்கா திரும்பவில்லை. "முடிஞ்சிருச்சும்மா. எல்லாம் நல்லாயிருச்சு."

"எப்ப?"

"தைப்பூசத்துல ஆரம்பிச்சுது."

"நேர்த்திக்கடன்னு சொன்ன."

"ஆமா."

அக்காவின் முதுகில் ஓர் அடி விழுந்தது. பிறகு அந்தக் கை அங்கேயே இருந்தது, எடுக்கவில்லை. மகளை விட்டுவிட்டு என்னிடம்தான் பேசினார்.

"எண்ணெய் வச்சுட்டேனே. இனிமே அந்தப் பசை பிடிக்குமா?"

"கழுவணும்மா."

"இருந்தா கொண்டா."

என் வீட்டுக்கு ஓடினேன். மிச்சமிருந்த பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. உடனே திரும்பிப் போவதா, அவர்கள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருப்பதா? குழாயடியிலேயே நின்றேன்.