நுரைக்காத சிவப்பு

என் வேலைப் பையில் பழுப்பு நிறத்தில் ஒரு ஸ்ப்ரே பாட்டில் இருக்கிறது. அதன் கழுத்தில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட். திருச்சி வெயிலுக்கு ரப்பர் சீக்கிரம் இற்றுப்போய் அறுந்துவிடும். அறுந்த அன்றே வேறொன்று வாங்கிப் போட்டுவிடுவேன். என்னோடு வேலை செய்கிறவர்கள், "அதான் பாட்டில் மேலயே எழுதியிருக்கே, இது எதுக்குண்ணே வளையல் மாதிரி?" என்று கேலி செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன். அந்த ரப்பர் பேண்ட் எனக்காகவே ஒருவர் போட்டது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போட்டவர் எங்கள் டீச்சர்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பிரிவைக் கவனித்துவந்தவர், அதை விட்டுவிட்டு வேறொரு தொழில் தொடங்கினார். கொலை நடந்த வீடு, தூக்குப் போட்டுக்கொண்ட வீடு, தனியாக இருந்தவர் இறந்து நாலு நாள் கழித்துக் கதவை உடைத்த வீடு, இப்படிப்பட்ட இடங்களைச் சுத்தம் செய்து கொடுப்பது. போலீஸ் தன் வேலையை முடித்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகு, உள்ளே யாராவது போய்த்தானே ஆக வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் செத்தவரின் அண்ணனோ தங்கையோதான் வாளியும் துடைப்பமுமாகப் போய் அழுதுகொண்டே கழுவுவார்கள். அந்த வேலையைச் சொந்தக்காரர்கள் செய்யக் கூடாது என்பது டீச்சரின் பிடிவாதம். உறையூரில் ஒரு கார் ஷெட்டை வாடகைக்கு எடுத்து, தனியாக இந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் மூன்று பேர் சேர்ந்தோம். ஒருவர் ஆம்புலன்ஸ் ஓட்டியவர், ஒருவர் கரையான் மருந்து அடிப்பவர். நான் பெயிண்டர்.

சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் போனபிறகு என்னால் உயரத்தில் ஏற முடியவில்லை. அதற்கு முன்பு ஒருமுறை, ஒருவர் கையை அறுத்துக்கொண்டு இறந்த அறைக்கு வெள்ளை அடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று கோட் அடித்தும் கறை மேலே வந்தது. இதற்கென்று ஒரு வேலைமுறை இருக்க வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. இன்னொரு காரணமும் உண்டு. நான் கூச்சக்காரன். வீட்டுக்காரர்களிடம் நின்று பேச எனக்கு வராது. இந்த வேலையில் முகமூடி போட்டுக்கொள்ளலாம், யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

முதல் நாள் டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எந்த மருந்து எதற்கு, எதற்கு முன்னால் எதைத் தெளிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், உதடு அசையும். மற்ற இருவரும் தாளை மடித்துப் பையில் வைத்த பிறகும் நான் இரண்டாவது வரியில் இருந்தேன். டீச்சர் அதைக் கவனித்ததை நானும் பார்த்தேன். மறுநாள் வந்தால் எல்லாப் பாட்டில் கழுத்திலும் ரப்பர் பேண்ட் இருந்தது. சோப்புத் தண்ணிக்குப் பச்சை, கிருமி மருந்துக்கு மஞ்சள், ரத்தத்தின் மேல் தெளிக்கும் மருந்துக்குச் சிவப்பு. "ரெண்டு கிளவுஸ் போட்டுக்கிட்டு, கண்ணாடியில ஆவி அடிக்கிறப்ப எவனாலயும் எழுத்துப் படிக்க முடியாது. கலரப் பாருங்க, போதும்" என்று பொதுவாகச் சொன்னார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஒரு மனிதனின் மானத்தை இவ்வளவு சத்தமில்லாமல் காப்பாற்ற முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பதிலாக நான் செய்ததை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பழகுவதற்கு ஆட்டு ரத்தம். கறிக்கடை பாய், "என்ன டீச்சர், இன்னைக்கும் ரத்தப் பொரியலா? வீட்ல எத்தன பேரு?" என்பார். "மூணு பேரு பாய். ஒருத்தரும் திங்க மாட்டாங்க, தொடைப்பாங்க" என்பார் டீச்சர். அதை டைல்ஸ் மேலும் மெத்தையிலும் சுவரிலும் ஊற்றி, இரண்டு நாள் ஷெட்டைப் பூட்டி வைப்பார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் பாடம். மே மாத வெயிலில் உடம்பை மூடிய அந்த உடையோடு நின்றால் வியர்வை கிளவுஸுக்குள் இறங்கி விரல் நுனியில் தேங்கும். கரையான் மருந்துக்காரர் முதல் நாளே வாந்தி எடுத்தார். "நல்லது. வாந்தி வராத ஆளுகிட்டத்தான் நான் ஜாக்கிரதையா இருப்பேன்" என்றார் டீச்சர்.

அவர் சொல்லித் தந்ததில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, சிவப்பு ரப்பர் பாட்டில். சந்தேகமான கறையில் அதைத் தெளித்தால், ரத்தமாக இருந்தால் வெள்ளையாக நுரைத்துவிடும். வெற்றிலைக் கறை, துரு, சாயம் எல்லாம் நுரைக்காது. மற்றொன்று, சாக்பீஸ் கோடு. வேலை தொடங்கும் முன் டீச்சர் தரையிலும் சுவரிலும் கோடு போட்டு எல்லை வைப்பார். கோட்டுக்குள் ஒரு புள்ளி மிஞ்சக் கூடாது. கோட்டுக்கு வெளியே ஒரு பொருளைத் தொடக் கூடாது. "வெளிய ஏதாச்சும் தெரிஞ்சா என்னக் கூப்பிடுங்க. நாம ரத்தத்த எடுக்கத்தான் வந்திருக்கோம், அங்க வாழ்ந்தவங்களையே எடுத்துட்டுப் போறதுக்கு இல்ல" என்பார்.

பயிற்சி முடியும் நேரத்தில் ஒரு நிஜமான வேலைக்கு என்னை மட்டும் அழைத்துப் போனார். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு மாடி வீடு. அங்கே குடியிருந்த இளம்பெண்ணைப் புருஷன் குத்திக் கொன்றிருந்தான். அவன் ஜெயிலில் இருந்தான். பெண்ணின் அம்மாவுக்குத் தொட்டியம் பக்கம். வீட்டைக் காலி செய்ய அன்று மத்தியானம் வருவதாக இருந்தார். டீச்சர் முன்பே அவரோடு போனில் பேசியிருந்தார். கூடத்தையும் நடையையும் சுற்றிக் கோடு போட்டுவிட்டு, "அடுக்களை நமக்கு இல்லண்ணே. அதத் தொட வேணாம், நான் வந்து பாத்துக்கிறேன்னு அந்தம்மா கேட்டுக்கிட்டாங்க" என்று சொன்னார்.

காலை முழுக்க நன்றாக வேலை செய்தேன். கூடம் கண்ணாடி மாதிரி ஆனது. ரத்தக் கழிவு அடைத்த மஞ்சள் பைகளை எடுத்துப் போகும் வண்டி சந்துக்குள் நுழையாது என்று டீச்சர் தெருமுனைக்குப் போனார். அந்த நேரம் பார்த்து வீட்டுச் சொந்தக்காரர் மாடி ஏறி வந்தார். வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். "பிரமாதம்பா. இந்த வீட்ட இனி யாருக்கு விடுறதுன்னு தூக்கமே இல்ல எனக்கு" என்றார். பிறகு அவர் கண் அடுக்களைக்குப் போனது. "அது என்ன, சாமி மாடத்துக்குப் பக்கத்துல? விரல் விரலா இழுத்த மாதிரி?"

போய்ப் பார்த்தேன். மாடத்துக்கு வலது பக்கம், தோள் உயரத்தில், சுவரில் கருஞ்சிவப்பாக விரல் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. சிவப்பு ரப்பர் பாட்டிலை எடுத்துத் தெளித்தேன். நுரைக்கவில்லை. மறுபடி தெளித்தேன். தண்ணீர் சிவப்பாக வழிந்தது, அவ்வளவுதான். உண்மையில் தெளிக்காமலே எனக்குத் தெரியும். முப்பது வருஷம் வீடுகளுக்கு வெள்ளை அடித்தவன் நான். பொங்கலுக்குப் பொங்கல் எத்தனை வீட்டில் இதைப் பார்த்திருப்பேன். பெண்கள் நெற்றிக்கு வைத்தது போக விரலில் மிஞ்சும் குங்குமத்தைத் துடைக்கிற இடம் அது. தினம் ஒரு தடவை, அதே விரல், அதே இடம்.

"அது குங்குமங்க" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூச்சத்தில் சொல்ல வாய் வரவில்லை என்றுதான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி இது. அவர், "வாடகைக்கு வர்றவங்க சிவப்பா ஒரு புள்ளியப் பாத்தாலும் ஓடிருவாங்கப்பா. நீ தனியாத் தொழில் தொடங்கப் போறேன்னு கேள்விப்பட்டேன். எனக்கு நாலு புரோக்கரத் தெரியும், நானே சொல்லி விடுறேன்" என்றார். நான் துணியை எடுத்தேன். துடைத்தது மட்டுமில்லை, பழைய தொழில் புத்தியில் சுரண்டி, பட்டி வைத்துத் தேய்த்து, பையில் இருந்த வெள்ளையைத் தொட்டு, சுவரோடு சுவராக ஆக்கினேன். அவர் தோளில் தட்டி, "நீதான்பா வேலக்காரன்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த அம்மா வந்தபோது கூடத்தைத் திரும்பியே பார்க்கவில்லை. கையில் ஒரு துணிப்பையோடு நேராக அடுக்களைக்குள் போனார். நாங்கள் போய்ப் பார்த்தபோது, வெள்ளைச் சுவரை உள்ளங்கையால் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார். "இங்கதானே இருந்துச்சு" என்றார். "எத்தன தடவ திட்டியிருப்பேன், செவுத்துல தொடைக்காதடி, வாடக வீடுடின்னு. கேக்கவே மாட்டா. பொணத்தக்கூட மூஞ்சி மட்டுந்தான் காட்டுனாங்க. அந்த வெரலு இங்க இருக்கும், ஒருக்கா தொட்டுட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

கீழேயிருந்து வந்த வீட்டுக்காரர், "யாரு சொல்லித் தொடச்சப்பா?" என்று, தனக்கு ஒன்றும் தெரியாதது போல என்னைக் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "டீச்சர் சொன்னதத்தாங்க செஞ்சேன்" என்றேன்.

டீச்சர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, "ஆமாம்மா. என் தப்புதான்" என்றார். அந்த அம்மா டீச்சரின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீயும் பொட்டு வச்சிருக்கியேம்மா. ஆம்பளைங்களுக்குத் தெரியாது. ஒனக்குமா தெரியல?" என்று கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் அதை மறந்திருப்பேனோ என்னவோ. டீச்சர் அவரோடு தரையில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து மூட்டை கட்டிக் கொடுத்தார்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தின் மேல் வண்டி நெரிசலில் நின்றது. எதிரே மலைக்கோட்டை. சாக்பீஸ் கோட்டைத் தாண்டியதற்கோ, பொய் சொன்னதற்கோ டீச்சர் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நுரைச்சுதாண்ணே?"

"நுரைச்சுச்சு" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப அதுல ரத்தமும் இருந்திருக்கு. தொடச்சுத்தான் ஆகணும். குங்குமமே நுரைக்குமோ என்னவோ, அத ஒருதடவ பாத்துட்டு அந்தம்மாகிட்ட நான் பேசுறேன். அவங்க மனசு ஆறும்" என்றார். நான் வெளியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஷெட்டுக்குப் போனால் கதவு திறந்திருந்தது. டீச்சர் சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மலைக்கோட்டை வாசல் கடைகளில் வாங்கிய குங்குமப் பொட்டலங்கள் ஏழெட்டுத் தரையில் பிரித்துக் கிடந்தன. ஸ்ரீரங்கத்துக் கோயில் கடையில் விற்கிற, நாமத்துக்கு இடும் ஸ்ரீசூர்ணம்கூட ஒரு பொட்டலம் இருந்தது. ஒவ்வொன்றையும் மோதிர விரலால் எடுத்துச் சுவரில் வரிசையாகத் தேய்த்திருந்தார். ஒவ்வொன்றின் மேலும் மருந்து தெளித்திருந்தார். எல்லாத் தடத்திலிருந்தும் சிவப்புத் தண்ணீர் வழிந்து தரைக்கு வந்திருந்தது. ஓரிடத்திலும் வெள்ளை இல்லை.

"எதுவுமே நுரைக்கலண்ணே. அந்த அடுக்களையில வேற எங்கயும் ஒரு சொட்டு ரத்தங்கூட இல்லியே" என்றார். திரும்பாமல் காத்திருந்தார். நான் சொல்வதற்காகத்தான் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டில்களின் கழுத்தில் இருந்த ரப்பர் பேண்டுகளைப் பார்த்தேன். பச்சை, மஞ்சள், சிவப்பு. என் வாய் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கையைக் கழுவிவிட்டு வந்தார். பயிற்சி முடித்ததற்கான தாளில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். கூடவே அந்தச் சிவப்பு ரப்பர் பாட்டிலையும் கொடுத்தார். "உங்களுக்கு வேல நல்லா வருதுண்ணே. இனிமே நீங்க வர வேணாம்" என்றார். கடைசி வரை அண்ணே என்றுதான் கூப்பிட்டார்.

வீட்டுச் சொந்தக்காரர் சொன்னபடி செய்தார். செத்த பெண்ணின் அம்மாவையே அழவிட்டவர் என்று டீச்சரைப் பற்றி ஊரெல்லாம் சொன்னார். என்னைப் பற்றி நல்லதாகச் சொன்னார். என் முதல் வேலை அவர் மூலமாகத்தான் வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சில மாதத்தில் டீச்சர் ஷெட்டைக் காலி செய்துவிட்டு மணப்பாறைப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. ஒருமுறை அந்த அம்மாவிடமாவது சொல்லிவிடலாம் என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தொட்டியம் பஸ் ஏறினேன். முசிறியில் இறங்கி, டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது என்னிடம் நாலு பேர் வேலை செய்கிறார்கள். நானும் சாக்பீஸ் கோடு போடுகிறேன். கோட்டை ஒருவன் தாண்டினால் அவனைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. கையைப் பிடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்து விடுவேன். எங்கள் வீட்டுச் சாமி மாடத்துப் பக்கத்தில் என் மனைவியின் விரல் தடம் காய்ந்து கறுத்துக் கிடக்கிறது. "ஊரான் வீட்டையெல்லாம் பளபளன்னு ஆக்குறீங்க, இந்தச் செவுத்துக்கு ஒரு கை வெள்ள அடிக்கக் கூடாதா? வர்றவங்க சிரிக்கிறாங்க" என்று அவள் ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்கிறாள். எல்லாச் சுவருக்கும் அடிக்கிறேன், அந்த ஒரு சாண் இடத்தைத் தவிர. ஏன் என்று அவளிடமும் சொன்னதில்லை.

இன்று காலையில் ரப்பர் பேண்ட் மறுபடி அறுந்தது. புதிதாகப் போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்துக் கூட்டி எழுதி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. பாலத்தின் மேல் நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

நுரைக்கவில்லை டீச்சர். இரண்டு தடவை தெளித்தேன். இரண்டு தடவையும் நுரைக்கவில்லை.