ஒன்பது என்று சொன்ன ஷீட்

ஒரகடத்தில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஸ்டோர்ஸில் எனக்கு அது ஆறாவது வருடம். கையுறை, கிரீஸ், துடைக்கிற துணி, பாதுகாப்பு ஷூ என்று லைனுக்குள் போகிற சில்லறைச் சாமான் எல்லாம் என் கவுன்டர் வழியாகத்தான் போகும். யாருக்கு என்ன கொடுத்தேன், எப்போது கொடுத்தேன் என்பதை எக்செல்லில் ஏற்றி வைப்பதும் என் பொறுப்பு.

ஷூவுக்குத் தனி ஷீட். ஆளுக்கு ஒரு வரிசை. பணி எண், ஆணா பெண்ணா, நிரந்தரமா ஒப்பந்தமா, ஷூ சைஸ், கடைசியாகக் கொடுத்த தேதி. எண்ணூறு வரிசைக்கு மேல் இருக்கும். முன்பெல்லாம் யாராவது எண்ணிக்கை கேட்டால் வடிகட்டிவிட்டுத் திரையில் விரலை வைத்து எண்ணுவேன். இரண்டாவது தடவை எண்ணினால் வேறு கணக்கு வரும். பிறகு கம்பெனி பஸ்ஸில் போகும்போது போனில் வீடியோ பார்த்து கவுன்ட்இஃப்ஸ் என்கிற சூத்திரத்தைக் கற்றுக்கொண்டேன். எத்தனை நிபந்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற வரிசைகளை மட்டும் அது எண்ணிச் சொல்லும். அதைக் கற்ற பிறகு ஸ்டோர்ஸில் எனக்குக் கொஞ்சம் மதிப்பு கூடியது. எனக்குள்ளும்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை ஸ்டோர்ஸ் மேனேஜர் என் மேசைக்கு வந்தார். முந்தின வாரம் லைனில் ஒரு பெண் இரும்புப் படியில் தடுக்கி விழுந்திருந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, பெரிய அடி இல்லை. ஆனால் பாதுகாப்புக் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்து, ஷூ பெரிதாக இருந்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நாலாம் நம்பர் தனியா வேணும்னா டீலர் மினிமம் நாப்பது ஜோடிங்கிறான்பா. நமக்கு எவ்ளோ பேர் வர்றாங்கன்னு பாத்துச் சொல்லு. லேடீஸ், நாலும் அதுக்குக் கீழயும். பர்மனென்ட் மட்டும். ஷூ வாங்கி ஒரு வருஷம் முடிஞ்சவங்க மட்டும்."

நான்கு நிபந்தனை. அவர் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரே வரியில் அடித்து என்டரைத் தட்டினேன்.

"ஒம்போது சார்."

"ஒம்போதுதானா? செக் பண்ணியா?"

"சூத்திரம் போட்டிருக்கேன் சார், தப்பு வராது."

"ஒம்போது பேருக்கு நாப்பது ஜோடி எப்டிபா வாங்கறது?" என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டக் குறிப்பில் 'தேவை ஒன்பது, இப்போதைக்கு ஆர்டர் இல்லை' என்று எழுதப்பட்டது. நான் அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் நிறம் கூடக் கொடுத்து வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, விழுந்த அந்தப் பெண்ணே கவுன்டருக்கு வந்தாள். ராமநாதபுரம் பக்கத்துப் பெண். பிள்ளைப்பாக்கத்தில் நாலைந்து பேரோடு ரூம் எடுத்துத் தங்கி வேலைக்கு வருகிறவள். கையில் வலதுகால் ஷூ. முன்பக்கம் அடிப்பாகம் கழன்று தொங்கியது.

"விழுந்ததுல வாய் பொளந்துருச்சுண்ணே. வேற குடுங்க."

பணி எண்ணைக் கேட்டு அடித்தேன். ஒப்பந்தம். ஷூ கொடுத்து ஐந்து மாதம். சைஸ் ஆறு. மேனேஜர் கேட்ட நான்கில் அவள் தேறியது ஒன்றில்தான்: பெண் என்பதில். எந்தப் பெண் விழுந்ததற்காக எண்ணச் சொன்னார்களோ, அந்தப் பெண் என்னுடைய ஒன்பதில் இல்லை.

ஷூ கிழிந்தால் மட்டும் வருடக் கணக்குப் பார்ப்பதில்லை. மாற்று ஷூவை எடுத்து வைத்தேன். அவள் பழையதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். உள்ளேயிருந்து மெஷின் துடைக்கிற வேஸ்ட் துணி உருண்டையாக விழுந்தது. அதை எடுத்துப் புது ஷூவின் முனையில் திணிக்க ஆரம்பித்தாள். காலில் இரண்டு சாக்ஸ்.

"இவ்ளோ சின்னக் காலை வச்சுகினு ஆறுன்னு எதுக்கும்மா எழுதிக் குடுத்தீங்க?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை.

"நான் எங்கண்ணே எழுதுனேன்? சேந்த அன்னைக்கு நீங்கதான் எழுதுனீங்க. ஆறுலருந்துதான் இருக்கு, ஆறு போட்டுக்கங்கன்னு எடுத்துக் குடுத்தீங்க. என் காலு எம்புட்டுன்னு யாரு கேட்டா?"

அவள் போன பிறகு ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'ஷூ சைஸ்' என்று தலைப்புப் போட்ட அந்தப் பத்தியில் யாருடைய கால் அளவும் இல்லை. நான் ரேக்கிலிருந்து எடுத்துக் கொடுத்த பெட்டியின் மேல் என்ன நம்பர் இருந்ததோ, அதுதான் இருந்தது. அந்த ஒன்பது பேர் யார் என்று பார்த்தேன். எல்லோரும் பழைய ஆட்கள். நாலாம் நம்பர் கொஞ்சம் ஸ்டாக் இருந்த காலத்தில் சேர்ந்தவர்கள். அது தீர்ந்த பிறகு சேர்ந்த அத்தனை பெண்களுக்கும் வரிசையாக ஆறு, ஆறு, ஆறு. எல்லாம் நான் என் கையால் ஏற்றியது.

சூத்திரம் தப்புச் செய்யவில்லை. நான் கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது வாசலில் என் மனைவியின் ஷூ கிடந்தது. அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறொரு கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். காலை ஷிப்ட் முடித்து எனக்கு முன்பே வந்துவிடுவாள். குனிந்து ஷூவை எடுத்து அடியில் பார்த்தேன். ஏழு.

"உன் கால் என்ன சைஸ்?" என்றேன்.

"இன்னா திடீர்னு? அஞ்சு."

"இதுல ஏழுன்னு கீது."

"அதான் கீதுன்னு குடுத்தாங்க. ரெண்டு வருஷமா அத்த மாட்டிகினுதான் போயினு வரேன். வாசல்லதான் கிடக்குது. இப்பத்தான் உனக்குக் கேக்கத் தோணிச்சா?"

அவள் காபி போடப் போய்விட்டாள்.

மறுநாள் ஒரு படிவம் அடித்து ஒவ்வொரு லைன் சூப்பர்வைசருக்கும் அனுப்பினேன். பெண்களின் பணி எண், சரியான கால் அளவு. இரண்டே நாளில் எல்லாம் திரும்பி வந்தன. அந்தப் பழைய ஒன்பது பேரைத் தவிர எல்லோருக்கும் ஆறு. ஒரு சூப்பர்வைசர் முதல் வரியில் ஆறு என்று எழுதி, கடைசி வரி வரைக்கும் கீழே கீழே மேற்படிக் குறி போட்டிருந்தார். அவருக்குப் போன் செய்து கேட்டேன்.

"உன் ஷீட்லதான்பா பாத்து எழுதுனேன். அதுல ஆறுன்னுதான் இருந்துச்சு" என்றார்.

சரி, நானே அளந்துவிடலாம் என்று ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீன் பக்கம் போனேன். போன பிறகுதான் அது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தது. அத்தனை பேர் சாப்பிடுகிற இடத்தில் எந்தப் பெண் வந்து சாக்ஸைக் கழற்றி என் முன்னால் காலை நீட்டுவாள்? ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றேன். ராமநாதபுரத்துப் பெண் தட்டு கழுவ வந்தவள் என்னைப் பார்த்தாள்.

"என்னண்ணே, ஸ்கேலோட நிக்கிறீக?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள்.

"பேப்பர் குடுங்கண்ணே. ரெஸ்ட் ரூம்ல வச்சு நாங்களே வரஞ்சு எடுத்தாறோம். நீங்க அப்புறமா அளந்துக்கங்க."

பழைய பேக்கிங் லிஸ்டுகள் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தேன். ஒரு பக்கம்தான் அச்சு, பின்பக்கம் வெற்று. கூடவே நான்கு பென்சில்.

"பணி எண் மட்டும் மறக்காம எழுதச் சொல்லும்மா."

"காண்ட்ராக்ட்ல இருக்கவுகளுக்கும் சேத்துத்தான?"

ஒரு நொடி யோசித்தேன். மேனேஜர் நிரந்தரம் மட்டும் என்றுதான் சொல்லியிருந்தார்.

"எல்லாருக்கும்" என்றேன்.

மூன்று நாளில் காகிதங்கள் வந்து சேர்ந்தன. ஷிப்ட் மாறும்போது ஒரு கட்டு, சாப்பாட்டு நேரத்தில் ஒரு கட்டு என்று கொண்டுவந்து கவுன்டரில் வைத்துவிட்டுப் போவாள். நூற்றுச் சொச்சம் பாதங்கள். அகலமானவை, ஒல்லியானவை, சுண்டுவிரல் உள்ளே மடங்கியவை. ஷூ பெரிதாக இருந்தால் விரல்கள் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்குமாம், அதில் மடங்குவதாக அவள் சொன்னாள். உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஒருத்தி ஷூவோடு நின்று வரைந்திருந்தாள், அதைத் திருப்பி அனுப்பினேன். ஒருத்தி கட்டைவிரலுக்கு நகம் வரைந்து பாலிஷ் மாதிரி பென்சிலால் தீட்டியிருந்தாள். ஒரு காகிதத்தின் ஓரத்தில், 'ஏழாம் மாசம், கால் வீங்கியிருக்கு, அப்புறம் சின்னதாகும்' என்று எழுதியிருந்தது. அந்த வரிசைக்கு மட்டும் அளவுப் பத்தியைக் காலியாக விட்டுப் பக்கத்தில் குறிப்பு போட்டேன்.

டீலரிடம் அளவுப் பட்டியல் ஒன்று வாங்கியிருந்தேன். இருபத்து மூன்று சென்டிமீட்டர் வரை நாலாம் நம்பர். ஒவ்வொரு காகிதத்திலும் குதிகாலிலிருந்து நீளமான விரல் வரைக்கும் ஸ்கேல் வைத்து அளந்து, ஷீட்டில் புதுப் பத்தி சேர்த்து ஏற்றினேன். பழைய பத்தியின் தலைப்பை 'கொடுத்த சைஸ்' என்று மாற்றினேன். புதியதற்குக் 'கால் அளவு'.

அதே சூத்திரத்தைப் புதுப் பத்தியை வைத்துப் போட்டேன். பெண், நாலும் அதற்குக் கீழும், நிரந்தரம், ஒரு வருடம் முடிந்தவர். பதினேழு வந்தது. நாற்பதுக்கு இன்னும் பாதிகூட இல்லை. ஒரு வருடம் என்பதை எடுத்துப் பார்த்தேன். இருபத்தொன்பது. நிரந்தரம் என்பதையும் எடுத்தேன். அறுபத்து மூன்று.

மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேனேஜரிடம் போனேன். முதலில் தப்பைச் சொன்னேன்.

"அன்னைக்கு ஒம்போதுன்னேனே, அது தப்பு சார். அந்த சைஸ் நான் குடுத்த சைஸ். அவங்க கால் சைஸ் இல்ல."

"சூத்திரம் போட்டேன்னியேபா?"

"சூத்திரம் சரி சார். நான் ஏத்தி வச்சதுதான் தப்பு."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். தாளை வாங்கிப் பார்த்தார். காகிதக் கட்டையும் கேட்டு வாங்கிப் பத்திருபது புரட்டினார். நகம் வரைந்த பாதத்தில் கொஞ்சம் நின்றார்.

"பதினேழு புரியுது. அறுபத்து மூணு எப்டி?"

"காண்ட்ராக்ட் ஆளுங்களும் சேத்து சார். வருஷம் முடியாதவங்களும் சேத்து."

"காண்ட்ராக்ட்டுக்கு நம்ம ஷூ வாங்க முடியாதுபா. அது காண்ட்ராக்டர் குடுக்கணும்."

"அவரும் இதே டீலர்கிட்டதான் சார் வாங்கி நம்ம ரேக்ல வைக்கிறாரு. அவருக்கும் நாப்பது வராது, நமக்கும் நாப்பது வராது. ரெண்டு பேரும் ஒரே ஆர்டரா போட்டா வந்துரும்."

அவர் நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். பிறகு, "வருஷம் முடியாதவங்களுக்குக் குடுத்தா ஆடிட்ல கேப்பான்" என்றார்.

"அந்தப் பொண்ணு விழுந்தப்போ ஷூ குடுத்து அஞ்சு மாசம்தான் சார் ஆகியிருந்துச்சு."

இதைச் சொல்லத் தயாராகப் போகவில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனை எடுத்துக் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டார். ரேட் ஒன்றாக இருக்குமா, யார் பெயரில் பில் என்று இருபது நிமிடம் பேசினார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். வைத்துவிட்டு, "தப்பான சைஸை மாத்திக் குடுக்கறோம்னு போட்டுரு. புதுசுன்னு போடாத" என்றார்.

ஒன்றரை மாதம் கழித்து அட்டைப்பெட்டிகள் வந்தன. கவுன்டருக்குப் பின்னால் ரேக்குகளுக்கு நடுவே இருந்த சந்தில் ஒரு பெஞ்ச் போட்டு, பத்துப் பத்துப் பேராக வரச் சொன்னேன். நான் பெட்டியை நீட்டிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொள்வேன். ராமநாதபுரத்துப் பெண் தன் முறை வந்ததும் ஒரே சாக்ஸில் போட்டுக் கயிறு கட்டி, சந்தின் கடைசி வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தாள். காலைத் தூக்கி இரண்டு தடவை தரையில் ஊன்றிப் பார்த்தாள்.

"டக்கு டக்குன்னு சத்தமே வரலண்ணே" என்றாள். பழைய ஷூவை என் மேசைமேல் வைத்துவிட்டு லைனுக்கு ஓடினாள். அதன் முனையில் அந்த வேஸ்ட் உருண்டை அப்படியே இருந்தது.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. அகலப் பாதம் உள்ள நாலைந்து பேருக்கு நாலாம் நம்பர் இறுக்கிப் பிடித்தது. ஐந்தாம் நம்பருக்குப் புதிதாக அலைய வேண்டியிருந்தது. அறுபத்து மூன்று பேரில் ஏழு பேருக்கு இருபத்திரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு, அவர்கள் மூன்றாம் நம்பர். டீலரைக் கேட்டேன்.

"மூணும் நாப்பது ஜோடிதான் சார். ஏழுக்கெல்லாம் அனுப்பவே மாட்டாங்க" என்றார்.

வேறு கம்பெனிகளில் கேட்டுச் சேர்க்க முடியுமா என்றேன். ஒரகடத்தில் மூன்றாம் நம்பரை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை என்றார். கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களுடைய ஷீட்டிலும் ஆறு என்றுதான் இருக்கும்.

அந்த ஏழு பேருக்கும் நாலைக் கொடுத்து, உள்ளே போடுகிற ஸ்பாஞ்ச் ஒன்றும் கொடுத்தேன். நான்கு பேர் பரவாயில்லை என்றார்கள். மூன்று பேர் மறுபடி இரண்டு சாக்ஸுக்குப் போய்விட்டார்கள். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பெட்டியை எடுப்பதற்கு முன் ஒரு காகிதமும் பென்சிலும் கொடுக்கிறேன். கேட்ட நம்பர் இல்லையென்றால் இருப்பதைக் கொடுக்கிறேன், ஆனால் இரண்டையும் தனித்தனியாக ஏற்றுகிறேன். மாதக் கடைசியில் மூன்றாம் நம்பரை மட்டும் போட்டு ஒருதடவை எண்ணிப் பார்ப்பேன். சில பேர் வேலையை விட்டுப் போனார்கள், சில பேர் புதிதாக வந்தார்கள். போன மாதம் பதினொன்று.