முதுகு காட்டாத டீச்சர்

கரும்பலகையில் எழுதும்போதும் சித்ரலேகா டீச்சர் திரும்பி நிற்க மாட்டார். ஒருக்களித்து நின்று, கண் பிள்ளைகள் மேல் இருக்க, கை மட்டும் எழுதும். வரி கோணிக்கொண்டு மேலே ஏறும். ‘நண்டு டீச்சர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள், எங்கள் பாளையங்கோட்டைப் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கச் சொல்லியா தர வேண்டும்! அடுத்த வகுப்பில் கணக்கு எடுப்பவன் நான். நடுவில் வெறும் தட்டி என்பதால் அவர் பாடம் முழுக்க எனக்கும் கேட்கும்.

நிலா பாடம் என்றால் ஒரு பையனை நாற்காலியில் உட்கார வைப்பார். “ஏலே, நீதான் பூமி. அசையாம இரி.” அவனைப் பார்த்தபடியே சுற்றி வருவார். “என் முதுகைப் பாத்தியா? இல்ல. ஆனா நாலு சுவரையும் நான் பாத்துட்டேன். உன்னை ஒருதரம் சுத்துறதுக்குள்ள என்னையே நானும் ஒருதரம் சுத்திட்டேம்லா? முந்தி நிலா வேகமாத்தான் சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு. பூமி இழுத்த இழுப்புல அதோட உடம்பு லேசாப் புடைச்சுட்டு. அந்தப் புடைப்பைப் பிடிச்சு இழுத்து இழுத்தே வேகத்தைக் குறைச்சுட்டு. இப்ப நமக்கு ஒரே முகந்தான்.”

அவர் வீட்டு நாற்காலியில் மகன் குமரகுருபரன். வளர்ந்த ஆள், பேச்சு கிடையாது, கண் எந்நேரமும் மின்விசிறியில். அம்மா முதுகைத் திருப்பினால் போதும், ரோட்டுக்கு ஓடிவிடுவான். ஒருநாள் லாரிக்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தான். அன்றைக்கே டீச்சர் அடுப்பைத் திருப்பி வைத்துவிட்டார். சமைப்பது, துணி மடிப்பது எல்லாம் அவனைப் பார்த்தபடிதான். பள்ளிக்கூட நேரத்துக்கு மட்டும் பக்கத்து வீட்டு உலகம்மாள் பார்த்துக்கொள்வார்.

போன மாதம் டீச்சருக்கு மார்பில் புற்று என்றார் டாக்டர். “எனக்கு என்னமும் ஆகட்டும் சார். எனக்குப் பொறவு இவன் யாருட்ட இருப்பான்?” என்று டீச்சர் என்னிடம் கேட்டார். கடவுள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வள்ளியூர்ப் பக்கம் ஒரு காப்பகத்தில் அவனை விட்டோம். துணைக்கு நான் போயிருந்தேன். அவனைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடந்து வந்தார் டீச்சர். படி தடுக்கி என் தோளைப் பிடித்தார். அவன் கண் அங்கேயும் விசிறியில்தான்.

“ஒருதரம் பாத்திருக்கலாம்லா சார்” என்றார். காவலாளி கதவைச் சாத்தினார்.

திங்கட்கிழமை தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். டீச்சர் பலகைக்கு நேராக நின்று எழுதிக்கொண்டிருந்தார். வரி கோணவில்லை. பிள்ளைகள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாக்பீஸை வைத்தவர், நெற்றியைப் பலகையில் சாய்த்துக்கொண்டார். மணி அடித்தது. அவர் திரும்பவே இல்லை.