பெயர் போடாத சீட்டு

கடலூரில் எங்கள் சபையின் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மாலைக் கூட்டம் நடத்தியவரை எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிடுவோம். செம்மங்குப்பம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து, ரசாயன வாடை போகாத சட்டையோடு நேராக வருவார். குள்ளமான ஆள், முன்வழுக்கை. பாட்டு ஆரம்பித்தால் பிள்ளைகளைவிட உயரமாகக் குதிப்பார். கூட்டம் முடிவதற்குள் தொண்டை கட்டிவிடும். நான் கீபோர்டு வாசித்தேன்.

கடைசியில் ஜெபச் சீட்டு. எல்லோரும் பெயர் போடாமல் தங்கள் விண்ணப்பத்தை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பிறகு ஆளுக்கொன்று எடுத்து, எழுதியவருக்காக ஜெபிக்க வேண்டும். ஒருநாள் எட்டாம் வகுப்புப் பெண்ணொருத்தி தான் எடுத்த சீட்டை என்னிடம் காட்டினாள்.

"இதுக்கு எப்டிண்ணா ஜெபிக்கிறது?"

"எனக்கு ஜெபம் வரவில்லை" என்று எழுதியிருந்தது. வாரந்தோறும் பலகையில் பாட்டு எழுதும் அண்ணனின் சாய்ந்த கையெழுத்து.

பிள்ளைகள் போனபின் அவரிடமே கேட்டேன்.

"அது நீங்க எழுதினதாண்ணே?"

"ஆமா தம்பி. ரெண்டு வருஷமா அதையேதான் எழுதிப் போடுறேன்."

"அப்ப இவ்ளோ குதிக்கிறீங்களே?"

"குதிக்கிறது நெசம்தான். அதுல பொய் இல்ல," என்று நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அதே வரி எழுதிய சீட்டு என் கைக்கே வந்தது. எதிரே அவர் யாரோ ஒரு பிள்ளையின் சீட்டை இறுக்கிப் பிடித்தபடி கண்ணை மூடி நின்றார். நானும் மூடினேன். அவருக்காகக் கேட்டேனா, பிள்ளைகளுக்கு இது தெரிந்துவிடக் கூடாது என்று கேட்டேனா, இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.