காலரில் மாட்டிய மைக்

தைவானின் தைனான் நகரில் பெய்-ஜுன் பகலெல்லாம் ஸ்கூட்டர் பழுதுபார்ப்பாள். வாரம் ஒருநாள் அந்தப் பட்டறையிலேயே யாரையாவது உட்காரவைத்து, வீடு, வேலை, பிடித்த விஷயம் என்று பேசவைத்து பாட்காஸ்ட் பதிவுசெய்வாள். நூறாவது பதிவுக்கு, ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான அப்பாவையே பிடித்து உட்காரவைத்தாள்.

“உங்க பொண்ணப் பத்திச் சொல்லுங்கப்பா.”

“என்னத்தச் சொல்ல? கையெல்லாம் கிரீஸ். சமைக்கத் தெரியாது. ஏதோ பொழப்பு ஓடுது.”

பெற்ற பிள்ளையை முகத்துக்கு நேரே புகழ்வது அந்தத் தெருவில் யாருக்கும் வழக்கமில்லை. தெரிந்திருந்தும் அவளுக்குச் சுருக்கென்றது.

அதற்குள் தெருமுனையில் குப்பை லாரியின் பாட்டு கேட்டது. அது யாருக்காகவும் நிற்காது. அப்பா குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு, காலரில் மாட்டிய வயர்லெஸ் மைக்கோடு ஓடினார். பெய்-ஜுன் காதில் ஹெட்போன் இருந்தது.

“என்னண்ணே, இப்படி மூச்சு வாங்குது?” பக்கத்து வீட்டுக்காரியின் குரல்.

“பேட்டி குடுத்துட்டு இருக்கேன்ல! எம்பொண்ணுக்கு இது நூறாவது. சத்தத்த வச்சே இன்ஜின்ல என்ன கோளாறுன்னு சொல்லிடுவா, தெரியுமா? முப்பது வருஷம் பஸ் ஓட்டின எனக்கே அது வராது. நீ அவ பேட்டியக் கேக்கறியா இல்லியா? நான் எல்லாத்தையும் ரெண்டு தடவ கேட்டாச்சு!”

திரும்பி வந்தவர் முகத்தை இறுக்கிக்கொண்டு, “எங்க விட்டோம்?” என்றார்.

“எனக்குச் சமைக்கத் தெரியாதுங்கறதுல.”

“ஆமா. சுத்தமாத் தெரியாது.”

பதிவில் அவள் ஒரு வார்த்தையைக்கூட வெட்டவில்லை, லாரிப் பாட்டு உட்பட.