முதலில் வந்த தீர்ப்பு

வக்கீலம்மாவுக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது கொழுந்தன் கல்யாணம் முடித்து வந்த அன்றைக்கல்ல. வந்தவள் ரேடியோவில் வாய் திறந்த அன்றைக்கு.

அதுவரை வீட்டில் சட்டம் என்றால் அவள்தான். வழக்கறிஞர்களுக்கான மாத இதழில் தீர்ப்புகளை அலசி எழுதுவாள். அடிக்குறிப்பைக்கூட விடாமல் படித்து, நீதிபதி சறுக்கிய இடத்தைக் கரெக்டாகப் பிடிப்பாள். பெரிய வக்கீல்களெல்லாம் தேடிப் படிப்பார்கள். வீட்டில் மட்டும் ஒருவரும் படித்ததில்லை. மாமியார் அந்த இதழைச் சூடான பாத்திரத்துக்கு அடியில் வைப்பார்.

ஓரகத்தியோ தினமும் காலையில் ரேடியோவில், "நேத்து கோர்ட்டுல என்ன சொன்னாங்க தெரியுமா?" என்று பக்கத்து வீட்டுக் கதை சொல்வதுபோல் ஆரம்பிப்பாள். வீடே காதைத் தீட்டிக்கொண்டு உட்காரும். "அட, எனக்கே புரியுதே!" என்று சொந்தப் புருஷன் வியந்த நாளில் வக்கீலம்மா கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் ஓங்கி விழுந்தது. அன்றிலிருந்து அவள் மனசுக்குள் ஓரகத்திக்குப் பெயர் ரேடியோக்காரி.

இந்த நேரத்தில்தான் ஒரு பெரிய நாளிதழின் ஆசிரியர் கூப்பிட்டார். வாராவாரம் தீர்ப்புகளைப் பற்றி எழுத ஆள் வேண்டுமாம். முதல் கட்டுரை நன்றாக வந்தால் அந்த இடம் அவளுக்கே. வக்கீலம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இனி மாமியாரே பேப்பரைப் பிரித்தாக வேண்டுமே!

அந்த வாரமே வாகாக ஒரு தீர்ப்பு வந்தது. காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரருக்கு வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்தலாமா? மூன்று நீதிபதிகள். அந்த நீதிமன்றத்தில் தீர்ப்பை வாசிப்பதில்லை. அவரவர் கையெழுத்துப் போடப் போட, அவரவர் எழுதியது இணையதளத்தில் ஏறும். முதலில் ஏறியது, 'நிறுத்தலாம்' என்றது.

வேறு நாளாக இருந்தால் மற்ற இரண்டுக்கும் காத்திருந்திருப்பாள். அன்றைக்கு ரேடியோக்காரியை முந்தவேண்டும் என்ற வெறி கண்ணை மறைத்தது. வந்ததையே தீர்ப்பாக வைத்துக்கொண்டு, கிழிகிழியென்று கிழித்து அனுப்பிவிட்டாள்.

பேப்பர் அச்சுக்குப் போனபிறகு மற்ற இருவருடையதும் ஏறின. 'நிறுத்தக் கூடாது.' இரண்டு பேர் சொன்னதுதான் தீர்ப்பு. காலையில்தான் அதைப் பார்த்தாள். கையில் அவள் கட்டுரை. கூடத்தில் ரேடியோ. இன்றைக்கு மானம் போகப்போகிறது, அதுவும் ரேடியோக்காரி வாயால்!

"ரெண்டு நீதிபதிங்க தண்ணிய நிறுத்தவே கூடாதுன்னுட்டாங்க," என்றது ரேடியோ. "ஒருத்தர் மட்டும் நிறுத்தலாம்னு எழுதியிருக்காரு. அது ஏன் தப்புன்னு இன்னைக்கு பேப்பர்ல எங்க அக்கா எழுதியிருக்காங்க. அவசியம் படிங்க."

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரைக் கேட்டார்.

காட்டிக்கொடுத்திருந்தால் வக்கீலம்மா ஆயுசுக்கும் நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருப்பாள். இப்போது அதற்கும் வழியில்லை. கெட்டிக்காரியாக இருப்பது போதாதென்று நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே!

ஓரகத்தி வீடு திரும்பியதும் மெல்லப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "விடுங்கக்கா. மத்த ரெண்டும் ரொம்ப லேட்டாதான் வந்துச்சு. யாரா இருந்தாலும்..."

"நீ காத்திருந்தியா?"

அவள் தரையைப் பார்த்தாள். "காத்திருந்தேங்க்கா."

அவ்வளவுதான். வக்கீலம்மா ஆசிரியருக்குப் போன் போட்டு, நடந்த தவறை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். திருத்தம் போடச் சொன்னாள். நேர்மை, மண்ணாங்கட்டி எல்லாம் இல்லை. இவள் தயவில் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதைவிட அது போவதே மேல் என்று தோன்றியது.

ஆசிரியர் தொண்டையைச் செருமினார். "நீங்களே சொன்னது பெரிய விஷயம்மா. ஆனா முதல் கட்டுரையிலயே திருத்தம்னா, மேல ஒத்துக்க மாட்டாங்க." கொஞ்சம் தயங்கினார். "ரேடியோவுல பேசுறவங்க உங்க ஓரகத்தியாமே? அவங்க நம்பர் கிடைக்குமா?"

வக்கீலம்மா திரும்பிப் பார்த்தாள். ஓரகத்தி அவள் கட்டுரையைத்தான் படித்துக்கொண்டிருந்தாள், அடிக்கோடு போட்டு.

"நம்பர் எதுக்கு, பக்கத்துலதான் இருக்கா," என்று போனை நீட்டினாள்.

"யாருக்குக்கா?"

"உனக்குத்தான்," என்றாள் வக்கீலம்மா. வயிறு பற்றி எரிந்தது.